குப்பியில் 45 மில்லி

1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு நாளொன்றுக்கு 5 டாலர் சம்பளம் என்று அறிவித்ததும், டெட்ராய்ட்டை ஒட்டிய அவருடைய ஆலை வாசலில் கூட்டம் அலைமோதியது. அன்றைய கூலியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அது சும்மா கிடைக்கவில்லை. கம்பெனியின் ‘சமூகவியல் துறை’ ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே போனார்கள். வீடு சுத்தமாக இருக்கிறதா, ஆள் குடிக்கிறாரா, பணம் சேர்க்கிறாரா என்று விசாரித்தார்கள், அக்கம்பக்கத்திலும் கேட்டார்கள். தேறினால்தான் முழு 5 டாலர். சங்கு ஊதிய பிறகும் தொழிலாளி மீது முதலாளி ஒரு கண் வைத்திருக்கலாம் என்பது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. அரை நூற்றாண்டு கழித்து அந்தக் கண்ணுக்கு ஒரு கருவி கிடைத்தது, அவ்வளவுதான்.

கருவி வந்தது போர்முனையிலிருந்து. வியட்நாமில் இருந்த சிப்பாய்களிடையே ஹெராயின் மலிந்துவிட்டது என்று 1971-ல் வாஷிங்டன் பதறியது. சிறுநீர்ப் பரிசோதனையில் தேறாமல் ஊருக்கு விமானம் ஏற முடியாது என்று நிக்சன் அரசு உத்தரவிட்டது. ‘ஆபரேஷன் கோல்டன் ஃப்ளோ’ என்று அதற்குப் பெயரும் விழுந்தது.

பத்தாண்டு கழித்து, 1981 மே 26 இரவு, ஃப்ளோரிடா கடலில் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க முயன்ற விமானம் மோதி 14 பேர் இறந்தார்கள். கப்பல் தளத்தில் நின்று மாண்டவர்கள் சிலரின் உடலில் கஞ்சாத் தடயம் இருந்தது. விமானத்தை ஓட்டியவர்கள் அவர்கள் அல்லர். விமானியின் ரத்தத்தில் இருந்ததோ அளவுக்கு மிஞ்சிய சளி மருந்து. ஆனாலும் நாட்டின் மனத்தில் நின்றது கஞ்சாதான். கடற்படை முழுவதும் பரிசோதனைக்கு உள்ளானது.

1986-ல் அதிபர் ரீகனே சிறுநீர் கொடுத்து வழிகாட்டினார். அந்த செப்டம்பரில் அரசு அலுவலகங்களில் போதைப்பொருளுக்கு இடமில்லை என்ற ஆணை வந்தது. அடுத்த ஜனவரியில் மேரிலாந்தின் சேஸ் என்ற ஊரில் பயணிகள் ரயிலின் பாதையில் சரக்கு எஞ்சின்கள் குறுக்கிட்டு 16 பேர் பலியானார்கள். எஞ்சின் ஓட்டுநரும் உடனிருந்தவரும் கஞ்சா புகைத்திருந்தார்கள். இதற்குப் பிறகு எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

1988-ல் வந்த ‘போதைப்பொருளற்ற பணியிடச் சட்டம்’ பரிசோதனையைக் கட்டாயமாக்கவே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அரசு ஒப்பந்தம் எடுக்கும் கம்பெனி எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும், ஊழியர்களுக்கு விளக்க வேண்டும். அவ்வளவே அது கேட்டது. கம்பெனிகள்தாம் சட்டத்தைவிட நாலடி முன்னே ஓடின.

அதே ஆண்டு மத்திய சுகாதாரத் துறை விதிமுறை வகுத்தது. தேட வேண்டியவை ஐந்து: கஞ்சா, கொகைன், ஓபியம் வகைகள், ஆம்ஃபெட்டமைன், பிசிபி. இன்றும் போக்குவரத்துத் துறை ஊழியர் சிறுநீர் கொடுக்கும் அறையில் குழாயில் தண்ணீர் வராது. கழிவறைத் தொட்டியில் நீலச்சாயம் கலந்திருக்கும், தண்ணீர் மொண்டு ஏமாற்றக் கூடாதல்லவா! 45 மில்லி வேண்டும். நான்கு நிமிடத்துக்குள் சூடு பார்ப்பார்கள். 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால்தான் ஏற்பு. பிறகு 30, 15 என்று இரண்டு குப்பிகளில் ஊற்றி, முத்திரை ஒட்டி, கொடுத்தவரின் முதலெழுத்துகளையும் வாங்கிக்கொள்வார்கள். இவ்வளவு காவலையும் தாண்ட, தூளாக்கிய சுத்தச் சிறுநீரைப் பொட்டலம் கட்டி விற்ற ஆசாமிகளும் இருந்தார்கள்.

வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 1989 மார்ச் 21 அன்று ரயில்வே பரிசோதனையையும் சுங்கத்துறைப் பரிசோதனையையும் நீதிமன்றம் செல்லும் என்றது. ரயில்வே வழக்கில் ஆதரித்த பழமைவாத நீதிபதி ஸ்காலியா, சுங்க வழக்கில் எதிர்த்து எழுதினார். 3,600 பேரைச் சோதித்ததில் சிக்கியவர்கள் ஐந்து பேர். ஊழியர்களின் போதைப்பழக்கத்தால் எந்தக் கேடு நேர்ந்தது என்று அரசால் ஓர் உதாரணம்கூடக் காட்ட முடியவில்லையே என்பது அவர் கேள்வி.

சிக்கல் குப்பிக்குள்ளேயே இருக்கிறது. கஞ்சாவின் எச்சம் சிறுநீரில் வாரக்கணக்கில் தங்கலாம். கொகைன் சில நாளில் மறையும். ஆகவே வார இறுதியில் கஞ்சா இழுத்தவர் மாட்டுவார், அதைவிடக் கொடியதைத் தொட்டவர் தப்பலாம். இப்போது போதையில் இருக்கிறாரா என்ற கேள்விக்குச் சிறுநீரில் விடை இல்லை. கசகசா தூவிய பன் சாப்பிட்டவர்கள்கூட ஓபியம் பட்டியலில் விழுந்ததால், 1998-ல் 300 நானோகிராம் என்ற வரம்பை 2,000 ஆக உயர்த்த வேண்டி வந்தது.

2012-ல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் கஞ்சாவை அனுமதித்த பிறகு முரண் இன்னும் கூடியது. கலிஃபோர்னியா 2024 ஜனவரி முதல், போதை தராத எச்சத்தை மட்டும் வைத்துப் பெரும்பாலான ஊழியர்களைத் தண்டிக்க முதலாளிகளுக்குத் தடை போட்டது. லாரி ஓட்டுநர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் மத்திய விதிக்கு உட்பட்டவர்கள். மாநிலம் அனுமதித்த கஞ்சாவை விடுமுறையில் புகைத்த ஓட்டுநர் அடுத்த வாரம் சிக்கினால், 2020 முதல் இயங்கும் தேசியப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறும். மறுவாழ்வு ஆலோசகரைப் பார்த்து மீண்டும் ஒரு குப்பியில் தேறும்வரை அவர் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.