நீலகிரித் தைலமும் காணாமல் போன புல்வெளியும்

சளி பிடிச்சா வெந்நீர்ல ரெண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடிப்போம் இல்லையா? அந்தத் தைலம் தர்ற யூகலிப்டஸ் மரத்துக்கும் நீலகிரிக்கும் 200 வருஷ உறவுகூட கிடையாது. அது ஆஸ்திரேலிய மரம். 1843 வாக்கில்தான் ஊட்டிக்கு வந்தது. அதுக்கு முன்னாடி அந்த மலை எப்படி இருந்தது?

புல். கண்ணுக்கு எட்டின வரைக்கும் புல்.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறிப் போனபோது, 2,000 மீட்டருக்கு மேல் புல்வெளிகள்தான் விரிந்து கிடந்தன. மலை மடிப்புகளிலும் ஓடை ஓரங்களிலும் மட்டும் குட்டையான, அடர்ந்த காடு. அதுதான் சோலை. ஆங்கிலத்திலும் அதே சொல்லைத்தான் எடுத்துக்கிட்டாங்க. புல்வெளியில் தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. பாறைச் சரிவுகளில் வரையாடு. சங்கப் பாடல்களில் 'வருடை' என்று வருவது இந்த ஆடுதான்.

இவ்வளவு மழை பெய்ற இடத்துல மரம் ஏன் எல்லா இடத்துலயும் வளரல? ஒரு பெரிய காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்தவெளியில் பனி இறங்கும்போது சோலை மரக் கன்றுகள் கருகிவிடும். புல்லுக்கு மேல்பாகம் காய்ந்தாலும் வேர் தப்பிச்சிடும்.

இது அன்றைய அதிகாரிகளுக்குப் பிடிபடவில்லை. மரம் இல்லையா, அப்போ தரிசு நிலம். ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் குடியேறினதும் குளிருக்கு விறகு தேவைப்பட்டது. சோலையை வெட்டினாங்க. அது தீர்ந்துகொண்டே வர, சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவந்தாங்க: யூகலிப்டஸ், வாட்டில். வாட்டிலை அங்கே சீகை மரம் என்பார்கள். அதன் பட்டை தோல் பதனிடப் பயன்படும். சுதந்திரத்துக்குப் பிறகு இது நின்றதா? இல்லை, இன்னும் வேகமானது. ரேயான் நூலுக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது. எனக்கு இந்தப் பகுதிதான் அதிகம் உறுத்துகிறது, ஏன்னா இதுக்குப் பழி போட வெள்ளைக்காரன் இல்லை. பழனி மலையில் மட்டும் 1973-லிருந்து நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

மேய்ச்சலும் தீயும் காட்டை அழித்ததால் வந்ததுதான் இந்தப் புல் என்று ரொம்ப நாள் ஒரு வாதம் இருந்தது. அதை ஆட்டம் காணச் செய்தது சேறு. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த மக்கிய மண்ணை எடுத்து, கார்பன் ஐசோடோப்பு சோதனை செய்து 1993-ல் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுக் கதை அதில் இருந்தது. வறண்ட காலத்தில் புல் பெருகியது, ஈரமான காலத்தில் காடு. மேய்ப்பர்கள் வருவதற்கு வெகு முன்பே புல் அங்கே இருந்தது.

வரையாட்டுக்கு வருவோம். துப்பாக்கி அதைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டது. 1879-லேயே நீலகிரியில் வேட்டையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. ஆட்டைச் சுடக் கட்டுப்பாடு, ஆடு மேய்கிற இடத்தில் மரம் நடத் தடையில்லை! 1975-ல் டேவிதார் என்ற வழக்கறிஞர் மலை மலையாகச் சுற்றி எண்ணிப் பார்த்து, மொத்தமே சுமார் 2,200 என்றார். அவர் பிறந்த அக்டோபர் 7-தான் இப்போது தமிழ்நாட்டில் வரையாடு தினம். 2024 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 1,031.

சரி, சீகையை வெட்டிட்டா புல் திரும்பிடுமா? அங்கேதான் சிக்கல். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். இன்னொரு பக்கம், பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் பனி படாததால் சோலை மரக் கன்றுகள் தானாகவே வளர்கின்றன. அதனால் சில ஆய்வாளர்கள் "இந்தத் தோப்பைத் தொடாதீங்க, எஞ்சியிருக்கிற புல்வெளிக்குள் புதுசா நுழையும் கன்றுகளை முதலில் பிடுங்குங்க" என்கிறார்கள். பிடுங்குவது என்றால் கையால்தான், அதுவும் வருஷா வருஷம்.