வட்டிக் கழிவும் சாவேஜ் தூக்கின மேசையும்

கன நாளாக இந்தப் பக்கம் ஒன்றும் எழுதவில்லை. போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் நடந்த கதைதான் எழுத வைத்தது.

ஒக்லாந்தில் எங்கட ஆக்கள் நாலு பேர் கூடினால் முதலில் ஊர் அரசியல், பிறகு வீட்டு விலை. மூன்று வீடு வாடகைக்கு விட்டிருக்கிற ஒரு அண்ணை, "இந்த அரசாங்கம்தான் வீட்டுக்காரருக்கு வரியைக் குறைச்சது" என்றார். ஒரே ஒரு வீட்டை வாங்கி மோட்கேஜ் கட்டுகிற தம்பி ஒருவன் கேட்டான்: "நானும் வீட்டுக்காரன்தானே அண்ணை, எனக்கேன் குறையேல்லை?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், எழும்பிப் போய்விட்டோம்.

2021இல் வீட்டு விலை தலைதெறிக்க ஏறியபோது, வாடகை வருமானத்தில் வங்கி வட்டியைக் கழிக்கிற சலுகையை லேபர் அரசு ஒக்டோபர் 1 முதல் நிறுத்தத் தொடங்கியது. புது வீடுகளுக்கு மட்டும் விலக்கு. 2023இல் ஆட்சி மாறியது. 2024 ஏப்ரலில் 80 வீதம், 2025 ஏப்ரலில் முழுவதும் என்று சலுகை திரும்பி வந்தது. நாலு வருசத்துக்கு 2.9 பில்லியன் டொலர் செலவு என்று அரசே கணக்குச் சொன்னது.

மவுண்ட் ரொஸ்கிலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு என்று வையுங்கோ. இரண்டுக்கும் ஆறு இலட்சம் டொலர் கடன், 6 வீத வட்டி, வருசம் 36,000. ஒன்று அண்ணையுடையது. வாரம் 650 படி வருச வாடகை 33,800. வட்டியைக் கழித்தால் வரியே இல்லை. கழிக்க விடாவிட்டால், 33 வீதப்படி பதினோராயிரத்துச் சொச்சம் கட்டவேணும் (கவுன்சில் ரேட்ஸ், காப்புறுதி கழிக்க முந்தி). மற்றது தம்பியுடையது. அதே 36,000ஐ அவன் வரி வெட்டின சம்பளத்தில் இருந்து கட்டுகிறான். ஒரு சதமும் கழிவில்லை. வாடகைக்கு இருக்கிற சனத்துக்கு? மிச்சம் பிடித்ததை வாடகையில் குறைக்கச் சொல்லி ஒரு சட்டமும் இல்லை.

"கடைக்காரன் வட்டியைக் கழிக்கிறான், நான் கழிச்சால் என்ன?" என்பது அண்ணையின் நியாயம். பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய பெரிய இலாபம் வாடகையில்லை, விலையேற்றம். அதற்கு இங்கே பொதுவான மூலதன ஆதாய வரி இல்லை. 2019இல் வரிக் குழு ஒன்று கொண்டுவரச் சொன்னது. ஜசிந்தா ஆர்டெர்ன் தன் காலத்தில் இல்லை என்று கைவிட்டார். வாங்கிப் பத்து வருசத்துக்குள் விற்றால் வரி என்றிருந்ததும் 2024 ஜூலையில் இரண்டு வருசமாகச் சுருங்கியது.

இந்த நாடு எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1891இல் லிபரல் அரசு பெரிய பண்ணைக்காரரை நினைத்து நிலவரி போட்டது. அது 1992 வரை ஏதோ ஒரு வடிவில் இருந்தது. 1937இல் வெலிங்டன் மிராமரில் முதல் அரச வீட்டுக்குள் பிரதமர் சாவேஜ் தானே சாப்பாட்டு மேசையைத் தூக்கிக்கொண்டு போனார். 1959 முதல், பிள்ளைகளுக்கு வரவேண்டிய குடும்பப் பணத்தை முன்கூட்டியே மொத்தமாக, 1000 பவுண் வரை எடுத்து வீடு கட்டலாம் என்றார்கள். அதோடு 3 வீத அரசக் கடன். இருக்கப்போகிற குடும்பத்தின் கைக்குக் காசு போனது. (பொற்காலம் என்று சொல்லவரவில்லை. அந்த முதல் அரச வீடுகள் மாவோரிக் குடும்பங்களுக்கு லேசில் கிடைக்கவில்லை.)

1991 குடிசன மதிப்பில் 73.8 வீதக் குடும்பங்கள் சொந்த வீட்டில் இருந்தன. 2018இல் 64.5. 2023இல் 66.

ஊரில் வீடும் காணியும் விட்டிட்டு ஓடி வந்த சனம் நாங்கள். ஒன்று போதாது, மூன்று வேணும் என்ற பயம் எனக்கும் விளங்குது. அதனால் அண்ணையோடு சண்டை பிடிக்கவில்லை.

போகும்போது கார் அடியில் அவர் சொன்னார், போன வருசம் கலியாணம் கட்டின மகள் வாடகை வீட்டில்தான் இருக்கிறாவாம், இரண்டு பேர் சம்பளத்திலும் டெப்பொசிட் சேரவில்லையாம். ஒரு வீட்டை வித்துத்தான் குடுக்கவேணும் என்றார். வாங்கி இரண்டு வருசம் தாண்டிட்டுது, வரியில்லை.