யாழ்ப்பாண முந்திரிகையும் தோலகட்டி வைனும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. கீரிமலையின் பெயரில் மட்டும் ஒன்று உண்டு. ஆனாலும், மலைச்சரிவுகளுக்கே உரியது என்று உலகம் நினைக்கும் ஒரு தொழில் இந்தத் தட்டை நிலத்திலும் வேர் பிடித்தது. சிறு துண்டுக் காணியில் முந்திரிகைக் கொடி படரவிட்டு, அந்தப் பழத்தை அந்த வட்டாரத்திலேயே வைனாக்கும் தொழில் அது. அதற்குப் பெயர் பெற்றவர்கள் கத்தோலிக்கத் துறவிகள். இடம் வசாவிளானை அடுத்த தோலகட்டி. குடாநாட்டின் மேற்கே உள்ள சண்டிலிப்பாய் என்ற ஊரிலிருந்து வடகிழக்கே சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம்.

தமிழகத்தில் திராட்சை எனப்படுவதையே யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்கிறார்கள். அது இங்கே பிழைத்ததற்கு முதற் காரணம் மண். குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல். குடாநாட்டின் மேற்குப் பாகமான வலிகாமத்தின் பெரும்பகுதியில் அதன்மேல் செம்பாட்டு மண் போர்த்தியிருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் தேங்காது. கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். வேர் அழுகலுக்கு அஞ்சும் கொடிக்கு இதைவிட நல்ல படுக்கை கிடைப்பது அரிது. சண்டிலிப்பாய்ப் பக்கம், மேற்கே போகப் போக, செம்பாடு வெளிறி நெல்வயல்கள் தலைகாட்டும். உரும்பிராய், கோண்டாவில், கோப்பாய், இணுவில் எனக் கிழக்கே வந்தால் தோட்ட நிலம். ஒரே பிரதேசத்துக்குள் ஒரு சில மைலில் மண் இப்படி மாறுவதை யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர்வேலி வாழைப்பழம் என்று ஊர்ப்பெயர் சொல்லி வாங்குகிற சனம் இது.

சுண்ணாம்புக்கல்லின்மேல் செம்மண் என்ற இதே அமைப்புக்காக உலகப் புகழ் பெற்ற இடம் ஒன்று தென் அவுஸ்திரேலியாவில் உண்டு: கூனவாரா. 1890களில் அங்கே ஜோன் ரிடோக் கொடி நட்டார். அந்தச் செம்மண் பட்டை ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளம். அகலம் மிகக் குறைவு. பட்டைக்கு உள்ளே ஒரு விலை, வெளியே ஒரு விலை. பிரான்சின் பேர்கண்டியில் இந்த மண் கணக்கு இன்னும் நுணுக்கமானது. 1098இல் சீத்தோவில் தோன்றிய மடத்தின் துறவிகள் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டின் பழம் எப்படிப்பட்டது என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்தார்கள். அந்தத் துண்டு நிலங்களை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

யாழ்ப்பாணத்துத் துண்டுகள் அவற்றைவிடச் சிறியவை. இங்கே காணியை ஏக்கரில் சொல்பவர் குறைவு, பரப்பில்தான் கணக்கு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். இரண்டு பரப்பிலும் முந்திரிகைப் பந்தல் போடுவார்கள். தூண் நட்டு, ஆள் உயரத்துக்குமேல் கம்பி இழுத்து, கொடியை அதில் படரவிடுவார்கள். நீருக்குக் கிணறு, எருவுக்கு மாட்டுச் சாணமும் பனையோலையும் இலை குழைகளும். வகைகளில் மிகப் பரவியது இஸ்ரேல் புளூ எனப்படும் கருநீலப் பழம். கொட்டையும் புளிப்பும் உள்ளது, விளைச்சலில் ஏமாற்றாதது. மஸ்கட், கார்டினல் போன்றவையும் உண்டு.

குளிர் நாடுகளில் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். இங்கே பனி எங்கே? கத்திதான் அந்த வேலையைச் செய்கிறது. கொடியைக் கவ்வாத்துப் பண்ணி மொட்டையாக்கினால் புதுத் துளிர், பூ, காய் என்று வரிசையாக வந்து, ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை கறுக்கும். ஆண்டில் இரண்டு போகம் எடுக்கலாம். எந்த மாதம் வெட்டுவது என்பதில்தான் கமக்காரரின் கெட்டித்தனம் இருக்கிறது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அடிக்கும் வடகீழ்ப் பருவமழையில் காய் அகப்பட்டால் பூஞ்சண நோய்கள் பந்தலையே தின்றுவிடும். தப்பிய பழமும் நீர்த்துப்போய், இனிப்பு ஏறாமல் கிடக்கும்.

இனி வைனின் கதை. மறைபரப்பு நாடுகளில் உள்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குத் தியானத் துறவு மடங்கள் வேண்டும் என்று பாப்பரசர் 11ஆம் பயஸ் 1926இல் தமது சுற்றுமடலில் வற்புறுத்தினார். அப்போது யாழ்ப்பாண ஆயராக இருந்தவர் கியோமார் ஆண்டகை. அவருடைய ஊக்கத்தில், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகள் 1928இல் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். இரவும் பகலும் முறைவைத்துச் செபமாலை சொல்வதும், மற்ற நேரத்தில் கைவேலை செய்து பிழைப்பதும் அவர்களின் ஒழுங்கு. மேனாட்டுப் பணத்தை நம்பாமல் நிலத்தை நம்பிய மடம் என்று அதைச் சொல்லலாம்.

பூசைக்கு வைன் வேண்டும். அது கொடிமுந்திரிகைப் பழத்திலிருந்தே வந்ததாக, கெடாததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கள்ளோ வேறு பழரசமோ அதற்கு ஈடாகாது. பந்தலும் துறவியும் ஒரே ஊரில் இருக்க, அடுத்த படி தானே வந்தது. காலப்போக்கில் தோலகட்டி என்றாலே வைனும் நெல்லி கிறஷ்ஷும் என்றாயிற்று. யாழ்ப்பாண நகரில் கொழும்புத்துறை வீதியிலுள்ள இதே மரபின் அருட்சகோதரிகளின் மடம் ரொசெற்றோ என்ற பெயரில் கறுவா, கராம்பு வாசத்தோடு ஓர் இனிப்பு வைன் செய்கிறது. குடித்தவர்களுக்கு ஜேர்மனியரின் நத்தார்க் காலச் சுடுவைன் நினைவுக்கு வருமாம்.

இங்கே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். லீற்றருக்கு 17 கிராம் அளவில் சீனி புளித்தால்தான் நூற்றுக்கு ஒரு பங்கு அற்ககோல் உண்டாகும். பன்னிரண்டு பங்கு வேண்டுமானால் சாற்றில் 200 கிராமுக்கு மேல் சீனி இருக்க வேண்டும். வெப்ப நாட்டில் அவசரமாகப் பழுக்கும் இஸ்ரேல் புளூவிடம் அதை எதிர்பார்ப்பது கடினம். ஆகவே சீனி சேர்ப்பது வழக்கமாகிறது. சீனியும் வாசனைத் திரவியமும் ஏற ஏற, மண்ணின் ருசி பின்வாங்குகிறது. கூனவாராவுக்குக் கிடைத்த பேர் யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்காததற்கு மண் காரணமல்ல.

சூழலும் ஒத்துழைக்கவில்லை. சண்டிலிப்பாய் போன்ற ஊர்கள் கோயிலைச் சுற்றி வாழ்பவை. கல்வளைப் பிள்ளையாரும் சீரணி நாகபூசணி அம்மனும் அந்த ஊரின் அடையாளங்கள். சைவ வீட்டில் போத்தல் மேசைக்கு வராது. குடிக்கிறவருக்கோ பனங்கள்ளு இருக்கிறது. மலிவானது, புதியது, சொந்த மரத்துடையது. வைன் என்பது கத்தோலிக்க வீட்டு நத்தாருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் உறவினரின் பயணப் பைக்கும் உரியதாக நின்றுவிட்டது.

பிறகு உள்நாட்டுப் போர். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினார்கள். வசாவிளான் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. கவனிப்பார் இல்லாத பந்தல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. மற்ற ஊர்களிலும் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் இல்லை, உரம் இல்லை. இறைப்பு இயந்திரம் ஓடாமல் தோட்டம் நடக்குமா? 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது. 2002இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபோது உயிர்த்த வியாபாரம் 2006இல் பாதை மூடியதும் மறுபடி முடங்கியது. போர் முடிந்து, காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டபின் பந்தல்கள் மீண்டன. 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடை மாதக் கணக்கில்தான் நீடித்தது. ஆனாலும் கடனில் இருந்தவர்களுக்கு அது போதுமான அடி.

கடலுக்கு அப்பால், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. யாழ்ப்பாண முந்திரிகைக்கும் அப்படி ஒரு பெயர் கேட்கும் தகுதி உண்டு. அதற்கு முதல் வேலை, செம்பாட்டுப் பழத்தையும் மேற்குப் பக்கத்துப் பழத்தையும் கலக்காமல், ஊர் ஊராகத் தனித்தனியே புளிக்கவைத்து, சீனி குறைத்து ருசித்துப் பார்ப்பது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு விவசாய பீடம் இருக்கிறது. தோலகட்டியில் கைப்பழக்கம் இருக்கிறது. மூன்று தரப்பும் ஒரு போகத்துக்காவது கூடி இருந்து இதைச் செய்து பார்க்க வேண்டும். போத்தலின்மேல் பழத்தின் இனம், பந்தல் நின்ற ஊர், அறுத்த போகம் ஆகிய மூன்றையும் அச்சிட வேண்டும்.