ஏ. கே. ராமானுஜன்: மாடியும் சமையலறையும்

ஏ. கே. ராமானுஜனைச் சங்கக் கவிதைகளின் மொழிபெயர்ப்பாளராக மட்டுமே நம்மவர்கள் நினைவுகூர்கிறார்கள். இது பாதி ராமானுஜன்தான் என்பது என் அபிப்பிராயம்.

1929இல் மைசூரில் பிறந்தவர். மாடியில் கணிதப் பேராசிரியரான தந்தையோடு ஆங்கிலம், கீழே தாயோடு தமிழ், தெருவில் கன்னடம். கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா என்று கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த 1950களிலேயே வாய்மொழிக் கதைகளைச் சேகரிக்கலானார். ஆங்கிலம் படித்தவன் மாடியிலிருந்து இறங்குவதில்லை என்பது நம் வழக்கம். இவர் இறங்கினார்.

1962இல் சிகாகோப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை அவர் கண்ணில் பட்டதை எல்லோரும் சொல்கிறோம். பாட்டிமார் சொன்ன கதைகளையும் அதே கவனத்தோடு அவர் வாசித்ததைச் சொல்வதில்லை. ராஜகுமாரன் கதை கல்யாணத்தில் முடிகிறது. பெண்ணை மையமாகக் கொண்ட கதையிலோ துன்பமே கல்யாணத்திற்குப் பிறகுதான் என்று அவர் கண்டது, ஓர் இலக்கிய விமர்சகனின் கண்டுபிடிப்பு.

1991இல் வந்த அவருடைய இந்திய நாட்டுக்கதைத் தொகுப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. 22 மொழிகளும் அதில் ஒரே நயமான ஆங்கிலத்தில் பேசுகின்றன. சொல்பவளின் கொச்சையும் தடுமாற்றமும் காணாமற் போய்விடுகின்றன.

1993இல் சிகாகோவில் காலமானார். 2011இல், பல ராமாயணங்கள் பற்றிய அவர் கட்டுரையைத் தில்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. ஒரே மூலம் வேண்டுமென்பவர்களுக்குப் பாட்டியின் கதை எப்போதும் தொந்தரவுதான்.