நார்வே எண்ணெய் நிதியம்

வடகடல் எண்ணெய், எரிவாயு வருவாயைச் சேமிக்க நார்வே அரசு உருவாக்கிய முதலீட்டு நிதியம். அரசு நிதியங்களில் உலகிலேயே பெரியது. அதிகாரபூர்வப் பெயரில் 'ஓய்வூதியம்' இருந்தாலும் யாருக்கும் இதிலிருந்து நேரடியாக ஓய்வூதியம் கிடைப்பதில்லை. சட்டம் 1990இல் வந்தது. முதல் தொகை 1996இல்தான் சேர்ந்தது.

உரிமை நிதி அமைச்சகத்துக்கு, நிர்வாகம் மத்திய வங்கியின் முதலீட்டுப் பிரிவுக்கு. முதலீடு முழுவதும் வெளிநாடுகளில். எண்ணெய்ப் பணம் உள்நாட்டில் பாய்ந்து விலைவாசியைக் கிளப்பிவிடக் கூடாது என்பது கணக்கு. பெரும்பகுதி பங்குகளில், மீதி கடன்பத்திரங்களிலும் கட்டடங்களிலும். லண்டன் ரீஜென்ட் தெருச் சொத்துகளில் கால்பங்கை 2011இல் வாங்கியது. எதிர்பார்க்கும் உண்மை வருமானத்தை (பணவீக்கம் கழித்தது) மட்டுமே பட்ஜெட்டுக்கு எடுக்கலாம் என்பது 2001 விதி: அப்போது நிதியத்தின் மதிப்பில் 4 சதவீதம், 2017இல் 3 ஆனது. நெருக்கடி ஆண்டுகளில் கூடுதலாக எடுப்பதும் உண்டு.

எந்த நிறுவனங்களில் முதலீடு கூடாது என்று 2004இல் அமைந்த நெறிமுறைக் குழு தரும் பரிந்துரைகள்தான் அதிகம் பேசப்படுபவை. தொழிலாளர் உரிமை மீறலுக்காக 2006இல் வால்மார்ட் விலக்கப்பட்டு, 2019இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. புகையிலை நிறுவனங்களுக்கும் இடமில்லை. நிலக்கரியை நம்பிய நிறுவனங்களையும் எண்ணெயில் பிறந்த நிதியமே ஒதுக்குவது முரண்தான். விமர்சகர்கள் அதை விடுவதில்லை. லாபமும் ஆண்டுதோறும் நிச்சயமில்லை: 2022இல் 14.1 சதவீத இழப்பு.