கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பு: கொங்குப் பகுதியும் தமிழகமும்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ். அதன் 16, 18 ஆம் வகைகளே பெரும்பாலான நோயாளிகளிடம் காணப்படுபவை. இந்தத் தொடர்பை நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். தொற்று புற்றாக முற்றப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்தால் நோய் வராமலே தடுத்துவிடலாம்.

ஃபின்லாந்து முதலிய நாடுகள் 1960களிலிருந்து, கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் 'பாப்' பரிசோதனையால் நோயை வெகுவாகக் குறைத்தன. அதற்கு ஆய்வகம் வேண்டும், செல்களைப் பார்த்துச் சொல்லும் நிபுணர் வேண்டும், முடிவு வந்தபின் அந்தப் பெண்ணை மறுபடி வரவழைக்கவும் வேண்டும். நம் ஊர்ப்புறங்களில் இந்த மூன்றாவதே பெரும்பாடு. சோமனூர் போன்ற விசைத்தறி ஊரில் ஷிப்டை விட்டு ஒரு நாள் வருவதே கூலி இழப்பு. நோவு ஏதும் இல்லாதபோது இரண்டாம் முறை யார் வருவார்கள்?

இதற்கு விடை கிடைத்த இடம் கொங்கின் தென்கோடியில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையமும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் சங்கரநாராயணன் குழுவினரும் 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார். காடியில் புளிப்பேற்றுவதும் அதே அமிலம்தான். ஒரு நிமிடம் கழித்து வெண்மையாகத் தெரியும் திட்டே சந்தேகக் குறி. தகுதியான பெண்களுக்கு அப்போதே உறையவைக்கும் 'கிரையோ' சிகிச்சை. அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தனர். ஏழாண்டுகளில் அவர்கள் ஊர்களில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்ததை 2007இல் 'லான்செட்' வெளியிட்டது. ஒப்பீட்டுக்கான ஊர்ப் பெண்களுக்குப் பரிசோதனை தரவில்லையே என்ற அறநெறிக் கண்டனம் இந்திய ஆய்வுகள்மேல் பின்னர் எழுந்தது. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடியாக நடத்திய பரிசோதனைத் திட்டம் பின்னர் மாநிலம் முழுதும் பரவியது. ஆனாலும் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது இச்சோதனை செய்துகொண்டவர் தமிழகத்தில் பத்து சதவீதத்தைத் தொடவில்லை. நாட்டளவில் இரண்டு சதவீதம்கூட இல்லை என்பதால் முதலிடம் நமக்கு, பெருமைப்பட ஏதுமில்லை. 2023இல் ஈரோடு உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் வீடு தேடிச் சென்று பரிசோதனைக்கு அழைக்கும் முறை தொடங்கியது.

ஹெச்.பி.வி. தடுப்பூசியின் கதையிலும் அம்பிளிக்கைக்கு இடமுண்டு. 2009இல் அதையும் சேர்த்துப் பல இந்திய மையங்களில் 17,729 பெண்பிள்ளைகளுக்கு ஊசி போடும் ஆய்வு தொடங்கியது. ஆந்திரம், குஜராத்தில் நடந்த வேறொரு ஹெச்.பி.வி. ஊசித் திட்டம் சர்ச்சைக்குள்ளாகவே, 2010இல் மத்திய அரசு இந்த ஊசியின் ஆய்வுகள் எல்லாவற்றையும் நிறுத்தியது. அடுத்த தவணை கிடைக்காமல் சுமார் ஐயாயிரம் பேர் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, நிலைத்த 16, 18 தொற்றுக்கு எதிராக ஓர் ஊசியே 95 சதவீதம் அளவுக்குக் காப்பது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒற்றை ஊசியை ஏற்றதற்கு இதுவும் ஆதாரம். நின்றுபோன ஆய்வு இவ்வளவு பயன் தந்தது அபூர்வம்.

ருவாண்டா 2011இலும் இலங்கை 2017இலும் இத்தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் சேர்த்துவிட்டன. இந்தியாவின் சொந்தத் தயாரிப்பான சீரம் நிறுவனத்தின் 'செர்வாவாக்' 2022இல் அனுமதி பெற்றது. தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்கி, பெண்பிள்ளைகளுக்குப் படிப்படியாக இலவச ஊசி என அறிவித்தது. அவர்களின் தாய்மாருக்கு இது காலங்கடந்த ஏற்பாடு. முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பரிசோதனையே வழி.