புனேயும் நுண்ணோக்கியும்

நாம் குடியேறி வாழும் இப்புனே நகருக்கு நுண்ணோக்கியின் வரலாற்றில் ஓர் இடமுண்டு. கால்நடை நோய்களை ஆராய 1889-ஆம் ஆண்டில் இங்கு ஓர் ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. 1893-இல் அது இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேசுவரத்திற்குப் பெயர்ந்தது.

அந்நாளைய ஒளி நுண்ணோக்கியில் கண்ணருகே ஒரு வில்லை, பொருளருகே ஒரு வில்லை, அடியில் ஒளியை மேலே திருப்பும் ஆடி. எருதின் தசையிழைகளில் குறுக்கே ஓடும் வரிகளையும், அத்தசையை அழிக்கும் சப்பை நோயின் கிருமியையும் அது காட்டிவிடும். ஊர் ஊராக மாடுகளை மாய்த்த வெக்கை நோயின் வைரஸோ அதற்கு அகப்படாத நுண்மையுடையது. அதனைக் காண, ஒளிக்கு மாறாக எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தும் கருவி தோன்றவேண்டியிருந்தது.

அவ்வகைக் கருவியைக் கொண்டே, இந்நகரில் 1952-இல் தோன்றிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தின் வழிவந்த தேசிய வைராலஜி நிறுவனம் 2020-இல் கொரோனா வைரஸின் உருவத்தைப் படம் பிடித்தது. வெக்கை நோயோ, தடுப்பூசியின் துணையால், 2011-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.